அக்கரைச் சொட்டு

என் பெரிய நாத்தனார் அல்சீராவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒருவன் வந்தானாம். திருவிழாக்களில் அவளோடு ஆடிப் பழகியவன். சொந்த நிலம், நிறையப் பசுக்கள், வரிசையான பல். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய், காபி கொடுத்து, தேதி பேசப் போகிற நேரத்தில் அல்சீரா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"உங்க வீட்டுப் பாலை என்ன செய்றீங்க?"

"காலையில டேங்கர் லாரி வரும். குழாயை மாட்டி ஏத்தி விட்டுடுவோம். அதோட வேலை முடிஞ்சுது," என்று அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அல்சீரா எழுந்து சீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காபி ஆறிப்போனது. அவனும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். இது நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. என் கணவர் ஒலாவோ சொல்லிக் கேட்டேன். அவர் எதையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார். ஆனால் அல்சீராவைத் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில்லை.

நான் டவுன்காரி. என் அப்பா செருப்புக்கடை வைத்திருந்தார். ஒலாவோவைக் கட்டிக்கொண்டு இந்தக் கனஸ்த்ரா மலைக்கு வந்த மறுநாள், ஏதாவது உதவி செய்யலாமே என்று சீஸ் அறைக்குள் காலை வைத்தேன். அல்சீரா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் நாடி பார்ப்பதைப் போல அவ்வளவு நேரம் பிடித்திருந்தாள்.

"கை சூடா இருக்குடி நதீர். சீஸுக்கு ஆகாது. நீ சமையலைப் பாரு."

அதோடு சரி. சமையலறை எனக்கு, சீஸ் அறை அவளுக்கு. இதில் எனக்குக் கோபமா என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சமும் இல்லை. விடியும் முன்னே எழுந்து ஈரத் தரையில் நிற்கிற வேலை யாருக்கு வேண்டும்? நான் அடுப்பை மூட்டி, சீஸ் உருண்டை ரொட்டியைத் தட்டில் அடுக்கி, சூட்டோடு இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒலாவோ கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, பிறகு தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுக் கறப்பார். எங்கள் பசுக்கள் கன்று முகத்தைப் பார்க்காமல் பால் விடாது. கறந்த சூடு ஆறுவதற்குள் பால் சீஸ் அறைக்குப் போய்விட வேண்டும். அல்சீரா வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வாள், தம்பியைக்கூட உள்ளே விடமாட்டாள். துணியில் வடிகட்டுவாள். உறைமருந்தும் சொட்டும் விட்டு, மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். பால் இறுகியதும் மரத் துடுப்பால் கீறிக் கிளறி, அடியில் படிகிற திரளை அள்ளி அச்சு வளையங்களில் போட்டு, உள்ளங்கையால் அழுத்துவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் முகம்.

சொட்டு என்று சொன்னேன் இல்லையா, அதுதான் எல்லாம். முந்தின நாள் செய்த சீஸ்கள் உப்புப் பூசி மேசையில் கிடக்கும். இரவு முழுக்க அவற்றிலிருந்து தண்ணீர் வடியும். சாய்வாக ஓடி, மூலையில் வைத்த டப்பாவில் சொட்டுச் சொட்டாக விழும். நேற்றைய சொட்டு இன்றைய பாலுக்கு, இன்றைய சொட்டு நாளைய பாலுக்கு. உங்கள் வீட்டில் தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படி. இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீட்டுச் சொட்டும் ஒவ்வொரு விதம். ஒரே புல், ஒரே தண்ணீர், ஆனாலும் சீஸை வாயில் வைத்ததும் இது இன்னார் வீட்டுது என்று சொல்லிவிடுவார்கள். சொட்டை யாரும் விற்பதில்லை. கேட்டு வந்தவருக்கு இல்லை என்பதும் இல்லை.

என் சின்ன நாத்தனார் இதலீனா கல்யாணமாகி ஓடைக்கு அந்தப் பக்கம் போனபோது, என் மாமியார் அவளுக்குக் கொடுத்த சீதனத்தில் ஒரு பசுவும், ஒரு படுக்கை விரிப்பும், ஒரு டப்பா சொட்டும் இருந்தன. பசு செத்துவிட்டது. விரிப்பு கிழிந்துவிட்டது. சொட்டு மட்டும் ஒரு நாள்கூட விடாமல் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை, இரண்டு வீட்டிலும் ஒரே சீஸ். ஒரு கல் பாலம்தான் இடையில்.

அந்தப் பாலத்தில் அல்சீரா கால் வைத்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டிருந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தோனியார் திருவிழாவில் கோவில் நிதிக்காக ஏலம் நடக்கும். கோழி, வாழைத்தார், கேக், சீஸ் என்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அந்த வருடம் அல்சீராவின் சீஸை மேடையில் தூக்கிக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த இதலீனா சிரித்துக்கொண்டே, "அக்கா, உன் சீஸுக்குக் கண்ணு இருக்கே!" என்றாள். சீஸில் விழுகிற ஓட்டையைக் கண் என்போம். வேறு தேசங்களில் அதைப் பெருமையாகக் காட்டுவார்களாம். எங்கள் மலையில் கண் விழுந்த சீஸ் என்றால் கெடத் தொடங்கிய சீஸ். சொன்னது தங்கச்சி, அதுவும் விளையாட்டாக. போயிருக்கும். ஆனால் ஏலக்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கண்ணடிக்கிற சீஸு! இளவட்டங்களே, உங்களைத்தான் பாக்குது! யாரு கேக்குறீங்க?" என்று கத்திவிட்டான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அல்சீரா பார்க்காமல் இருந்தது என் நல்ல காலம்.

அன்றிலிருந்து இதலீனா என்ற பெயர் எங்கள் வீட்டில் கிடையாது. 'அக்கரை' என்றுதான் சொல்வாள். அக்கரையில புகை வருது. அக்கரைக்கு விருந்தாளி வந்திருக்காங்க. அக்கரை புது வேலி போட்டிருக்கு. கிறிஸ்துமஸுக்கு இதலீனா தம்பி வீட்டுக்கு வந்தால் பெரியவளுக்குத் தலைவலி வந்துவிடும். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு. நாத்தனார் ஒருத்தி இருந்தாலே போதும் என்பார்கள். எனக்கு இரண்டு, அதுவும் பேசிக்கொள்ளாத இரண்டு.

போன மழைக்காலத்தில்தான் அந்த அனர்த்தம் நடந்தது. ஃபிதல்கா என்ற பசுவுக்கு மடி வீங்கி ஒலாவோ ஊசி போட்டார். ஊசி போட்ட பசுவின் பாலை ஒரு வாரமாவது தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும். மருந்து கலந்த பால் சொட்டைக் கொன்றுவிடும் என்பது இங்கே பிறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அன்று நல்ல மழை. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கறந்த மனுஷன், பழக்க தோஷத்தில் அதையும் சேர்த்து ஊற்றிவிட்டார்.

மறுநாள் சீஸ் உப்பிக்கொண்டு நின்றது. அல்சீரா விரலால் தட்டிப் பார்த்தாள். மத்தளச் சத்தம். வெட்டினாள். உள்ளே கண் கண்ணாக, சல்லடை. அதன் அடுத்த நாளும் அப்படியே. என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஃபிதல்கா பாலு..." என்று ஆரம்பித்தார்.

"சொட்டைக் கொன்னுட்டியேடா, பாவி," என்றாள் அல்சீரா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பாத்திரங்களையெல்லாம் கொதிக்க வைத்தாள். மேசையைத் தேய்த்தாள். மருந்து போகட்டும் என்று சில நாள் பாலை அப்படியே பன்றிகளுக்கு விட்டாள். உப்பிய சீஸும் பன்றிகளுக்குத்தான். அவற்றுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம், தொழுவத்துக்குள் திரும்ப இடமில்லாமல் கொழுத்தன. ஆனால் பாத்திரம் சுத்தமானால் போதுமா? சொட்டு வேண்டுமே. பள்ளத்தாக்கின் கீழே இருக்கிற தோனிக்கோவிடம் கேட்டு வாங்கி வந்தார் ஒலாவோ. சீஸ் உப்பவில்லை. தட்டையாக, அழகாக உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தோம். அல்சீரா பொறுமையாக அது கொஞ்சம் பழுக்கும்வரை காத்திருந்து, ஒரு துண்டு வாயில் வைத்தாள்.

"இது தோனிக்கோ."

"நல்லாத்தானேக்கா இருக்கு," என்றேன் நான்.

"நல்லாத்தான் இருக்கு. தோனிக்கோ சீஸு நல்லாத்தான் இருக்கும். அவன் பேரைப் போட்டு அவனே வித்துக்கட்டும். நான் எதுக்கு அவன் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டணும்?"

அந்தச் சீஸையும் விற்க மறுத்துவிட்டாள். வாங்க வருகிற வண்டிக்காரருக்கு வித்தியாசமே தெரியாது என்று ஒலாவோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்ல?" என்றாள். ஒலாவோ நல்ல மனுஷன், ஆனால் பால் பன்றிக்குப் போவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், பீன்ஸைக் கிளறிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, திங்கக்கிழமையிலிருந்து டேங்கர்காரனை வரச் சொல்லியிருக்கேன். மழை முடியற வரைக்கும்தான்."

அல்சீரா கரண்டியைக் கீழே வைத்தாள். மழை முடிகிற வரைக்கும் என்று ஆரம்பித்த எந்த வீட்டிலும் டேங்கர் நின்றதில்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "உன் பாலு, உன் இஷ்டம்," என்று எழுந்து போனாள். அன்று மாலை சீஸ் அறையில் ஒரு வேலையும் இல்லாமல், வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றவள், டவுனுக்குக் குடிபோக மாட்டேன் என்றவள், காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சீஸைத் திருப்பிப் போட்டவள். அந்த அறையை எடுத்துவிட்டால் அவளிடம் என்ன இருக்கிறது?

அக்கரையில் இருக்கிறது அவளுடைய சொட்டு. எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் ஒருமுறை ஜாடையாக, "அக்கரையில..." என்று இழுத்தேன்.

"அக்கரையில மழை பெய்யுது," என்று முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, அவள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, நான் ஒரு டப்பாவை எடுத்துக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். சேறு கணுக்கால்வரை. இதலீனா காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் இலையைப் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காவைப் போல இல்லை, குண்டு, சிரிப்பு, எப்போதும் வாயில் ஏதாவது மென்றுகொண்டிருப்பாள். விஷயத்தைச் சொன்னேன். ஒலாவோ செய்ததைக் கேட்டு, "மாமரத்திலிருந்து தலைகீழா விழுந்தான்ல சின்ன வயசுல, அதோட மிச்சம்," என்றாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்க் கட்டியாக உறைந்த கொய்யா ஜாமை எடுத்து வந்து எனக்கு வெட்டிக் கொடுத்தாள்.

"அவதான் அனுப்பினாளா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன். அவங்களுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாங்க."

இதலீனா கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள். பிறகு உள்ளே போனாள். நல்ல வேளை, அன்றைய பாலுக்குப் போக மிச்சம் இருந்தது. என் டப்பாவில் ஊற்றி, மூடியை அழுத்தி, இரண்டு கையாலும் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரொம்ப நன்றிக்கா."

இதலீனாவின் மெல்லும் வாய் நின்றது.

"என்ன சொன்னே?"

"நன்றின்னு..."

டப்பாவை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். மூடியைத் திறந்தாள். அப்படியே முட்டைக்கோஸ் வேரில் கவிழ்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! இத்தனை வருஷம் அந்த வீட்டுல என்னதான்டி பண்ணே? சொட்டுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா? நன்றி சொன்னா கணக்குத் தீந்துதுன்னு அர்த்தம். சொட்டுல கணக்குத் தீரவே கூடாது. நன்றி சொன்ன சொட்டு பிடிக்காது. செத்துப் போயிடும்!"

"எனக்கு யாரு சொன்னாங்க? இப்ப உங்க தம்பி தோனிக்கோகிட்ட போனதைத் தவிர, நம்ம வீட்டுல யாரும் யார்கிட்டயும் போய்க் கேட்டதே இல்லையே!"

"அது சரி," என்றாள் கொஞ்சம் தணிந்து. "இன்னைக்கு இனிமே இல்ல. நாளைக்கு இருக்கும். ஆனா உன் கையில தரமாட்டேன். உன் வாயை நம்ப முடியாது."

வெறும் டப்பாவோடு திரும்பினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்லது செய்யப் போனவளுக்கு முட்டைக்கோஸ் செடிக்கு இருக்கிற மரியாதைகூட இல்லை. பாலத்தைத் தாண்டி முற்றத்துக்குள் நுழைந்தால், கோவிலுக்குப் போனவள் முன்னால் நிற்கிறாள். என் காலில் சேறு. கையில் டப்பா. மறைக்க ஒன்றுமில்லை.

"எங்க போயிட்டு வர்றே?"

சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல், மூச்சு விடாமல். திட்டு விழப்போகிறது என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டே சொன்னேன். திட்டு விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அல்சீராவின் முகம் என்னவோபோல் ஆகியிருந்தது.

"நன்றின்னா சொன்னே?"

"ஆமாக்கா."

"அவ கொட்டிட்டாளா?"

"முட்டைக்கோஸுக்கு."

அல்சீரா தலையை மெதுவாக ஆட்டினாள். "சரியாத்தான் செஞ்சிருக்கா," என்றாள். "நானா இருந்தா உன் தலையில ஊத்தியிருப்பேன்."

ஏழெட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் தங்கச்சி பக்கம் பேசியதை நான் அந்த இடத்தில் கவனிக்கவில்லை. எனக்கு என் கோபமே பெரிதாக இருந்தது. டப்பாவைத் திண்டின் மேல் டமாரென்று வைத்துவிட்டு உள்ளே போய், அன்றைக்குச் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டேன், வேண்டுமென்றேதான்.

மறுநாள் ஞாயிறு. காலையில் பார்த்தால் அல்சீரா நீலக் கவுன் போட்டு, தலைவாரி, கையில் அதே டப்பாவோடு வாசலில் நிற்கிறாள்.

"கிளம்பு," என்றாள்.

"பூசைக்கா?"

"அக்கரைக்கு. நம்ம வீட்டு மருமக போய் நன்றி சொல்லிட்டு வந்திருக்கா. நமக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டிருப்பா. இதை இப்படியே விட முடியுமா? மானம் போகுது."

ஆக, மானத்துக்காகத்தான் அத்தனை வருடம் போகாமல் இருந்தவள், மானத்துக்காகத்தான் இப்போது போகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திரும்பிவிடுவாளோ என்று பயம்.

இதலீனா சீஸ் அறையில் இருந்தாள். கை முழங்கைவரை திரளில். அல்சீரா வாசற்படியில் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இதலீனாவும் நிமிரவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. ஒருத்தி அழுத்துகிறாள், ஒருத்தி பார்க்கிறாள். தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும்.

கடைசியில் அல்சீரா பேசினாள். "அவ்வளவு போட்டு அழுத்தாதே. நடுவுல வறண்டு போயிடும்."

"எங்க வீட்டு சீஸு. எங்க வீட்டு அழுத்து," என்றாள் இதலீனா.

அவ்வளவுதான், கெட்டது என்று நினைத்தேன். அப்போது இதலீனா என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "உங்க வீட்டுல நன்றியெல்லாம் சொல்றாங்க போல," என்றாள்.

"டவுன்ல வளத்திருக்காங்க," என்றாள் அல்சீரா. "என்ன பண்றது?"

"நீ சொல்லித் தரலியா?"

"எதைன்னு சொல்லித் தர? கல்யாணமாகி வந்த புதுசுல கன்னுக்குட்டியைப் பாத்து இது ஆணா பொண்ணான்னு என்னைக் கேட்டா."

இதலீனா பக்கென்று சிரித்தாள். "போன கிறிஸ்துமஸுக்கு அவ செஞ்ச பன்னிக்கறியைத் தின்னுட்டு என் வீட்டுக்காரர் மூணு நாள் பல்லு குத்தினாரு."

"அது பரவாயில்ல. நேத்து சோறு தின்னு பாத்திருக்கணும் நீ. கடல் தண்ணி."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றேன்.

"தெரியும், தெரியும்," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார்கள். என் நடை, என் செருப்பு, பசுவைக் கண்டால் நான் ஒதுங்குவது, என் அப்பாவின் மீசை, ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. சிரித்துச் சிரித்து இதலீனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கை திரளில் இருந்ததால் தோளால் துடைத்துக்கொண்டாள். அல்சீரா எப்போது படியைத் தாண்டி உள்ளே வந்தாள், எப்போது கவுன் கையை மடித்துவிட்டு மேசையின் மறுபக்கம் நின்றாள் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் எதிரெதிராக நின்று அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் சும்மாத்தான்கா சொன்னேன்," என்றாள் இதலீனா திடீரென்று, தலை நிமிராமல். "அந்தத் தடியன் மைக்குல கத்துவான்னு யாருக்குத் தெரியும்?"

அல்சீராவின் கை நின்றது. "கண்ணு இருந்துச்சு," என்றாள்.

"என்னது?"

"அதே நாள்ல செஞ்ச இன்னொண்ணை வீட்டுல வெட்டிப் பாத்தேன். கண்ணு இருந்துச்சு. நீ சொன்னது சரி. அதான் அவ்வளவு கோவம்."

"பொய்யா இருந்திருந்தா நீ மறுநாளே வந்து என் மயிரைப் பிடிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் இதலீனா. "நீ வரலைன்னதும்தான், ஐயையோ நிஜமாவே இருந்திருக்கும்போலன்னு..."

அல்சீரா கையைத் துடைத்துக்கொண்டாள். மூலைக்குப் போய், சொட்டு விழுந்துகொண்டிருந்த டப்பாவின் முன் குனிந்தாள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. முதுகு குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. மாமியார் இறந்தபோதுகூடச் சீஸைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கல்லறைக்கு வந்தாள்.

"இதலீனா," என்றாள், அந்தப் பக்கம் திரும்பியே. "என் வீட்டுல செத்துப் போச்சு. நாளைக்கு லாரி வருது. எனக்குக் கொஞ்சம் சொட்டுக் குடு."

கேட்டுவிட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்க முடியாமல்தான் சீஸையெல்லாம் பன்றிக்குப் போட்டாள். இதலீனா எங்கள் டப்பாவை வாங்கி நிரப்பி, மூடியை அழுத்தி, அக்காவின் இரண்டு கையிலும் வைத்தாள். அல்சீரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி நடந்தாள். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று இரண்டு பேரும் என்னையே முறைத்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

டேங்கர்காரன் திங்கட்கிழமை வந்தான். ஒலாவோ தொழுவத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார், அக்காவும் லாரியும் சந்திக்கிற இடத்தில் நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. அல்சீராவே வாசலுக்குப் போனாள். காபி கொடுத்தாள், ஒரு பை நிறைய ரொட்டி கட்டிக் கொடுத்தாள், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "பாலு?" என்றான் அவன். "பாலுக்கு வேலை இருக்குப்பா," என்றாள். அவன் வந்த வழியே போனான்.

அந்த வாரச் சீஸ் எதுவும் உப்பவில்லை. தட்டினால் சத்தம் வரவில்லை. பலகையில் வரிசையாக மஞ்சள் ஏறிக்கொண்டு இருந்தது, அல்சீரா தினமும் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பழுத்த பிறகு முதல் சீஸை வெட்ட இதலீனாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். நல்ல கத்தியை அவளே கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக் கத்திமேல் நம்பிக்கை இல்லையாம்.

வெட்டினார்கள். ஒரு கண் இல்லை. அல்சீரா ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒலாவோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கோவிலில் நிற்பதைப் போல.

"நம்மளது," என்றாள் அல்சீரா.

"உப்பு கம்மி," என்றாள் இதலீனா.

"உனக்கு நாக்கு செத்துப் போச்சு."

"என் நாக்குக்கு ஒண்ணும் ஆகல. கம்மின்னா கம்மிதான்."

இனி இது ஓயாது என்று காபி போடத் திரும்பினேன். அல்சீரா என் தோளைப் பிடித்து நிறுத்தி, நடுவிலிருந்து ஒரு பெரிய துண்டை வெட்டி என் கையில் வைத்தாள். இந்த வீட்டில் முதல் வெட்டில் எனக்கு இதுவரை பங்கு வந்ததில்லை.

"நீ மட்டும் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு வந்திருந்தேன்னா, சொட்டு வந்திருக்கும். இவ வந்திருக்க மாட்டா," என்றாள். "தின்னு."

நன்றி என்று வாய் தவறி வந்துவிடுமோ என்று சட்டென்று வாயில் போட்டுக்கொண்டேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவர்கள் அதற்குள் என்னை மறந்துவிட்டு மறுபடி உப்பில் இறங்கிவிட்டார்கள். உப்பு முடிந்து அடுத்து புல்லுக்குப் போனார்கள், புல்லிலிருந்து எப்போதோ செத்துப்போன ஒரு பசுவுக்குப் போனார்கள். இத்தனை வருடப் பேச்சு மிச்சம் இருந்ததே. நான் காபியை இறக்கி, கோப்பைகளை எடுத்து வைத்தேன்.